பூட்டிய கட்டுரைகளும் நாம் கட்டும் நூலக வரியும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். ஒரு இமெயில் முகவரி, நாலு பழைய பாட்டு, கரண்ட் பில், ரயில் டிக்கெட். இரண்டாவது மாதம் பையனோ பெண்ணோ பள்ளிக்கூட புராஜக்ட் என்று வந்து நிற்பார்கள். அப்போதுதான் இன்டர்நெட்டில் நாம் உருப்படியாக எதையாவது தேடத் தொடங்குகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கும் வாசகர்கள் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். சர்ச் என்ஜினில் 'அத்திரம்பாக்கம்' என்று டைப் செய்யுங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், பூண்டி ஏரிக்குச் சற்று அப்பால் உள்ள கிராமம் அது. 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் முதலில் பல்லாவரத்திலும் பிறகு இங்கேயும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னாளில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலிய ஆய்வாளர்கள் அங்கே பல ஆண்டுகள் தோண்டினார்கள். ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நடுப் பழைய கற்காலக் கருவிகள் செய்யப்பட்டன என்று 2018 தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் பத்திரிகைகளில் செய்தியாக வந்தது.

செய்தி கிடைக்கும். படங்கள் கிடைக்கும். மூலக் கட்டுரையின் பக்கத்துக்குப் போனால் முதல் பத்தி தெரியும். அதற்குக் கீழே ஒரு பெட்டி: முழுவதும் படிக்கப் பணம் கட்டு. ஆவடியில் ரயில் ஏறி திருவள்ளூரில் இறங்கி பஸ் பிடித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த இடத்திலேயே போய் நின்றுவிடலாம். அந்த இடத்தைப் பற்றிய கட்டுரையைத்தான் படிக்க முடியாது.

உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. பிரவுசரை மாற்றினாலும் திறக்காது. அந்தப் பூட்டு வேண்டுமென்றே போடப்பட்டது. அதை யார் போட்டார்கள், திறக்க யார் பணம் தர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஆய்விதழ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் கடையில் வாங்கும் பத்திரிகைக்கு எழுதுகிறவருக்கு, சிறிதோ பெரிதோ, ஒரு சன்மானம் கிடைக்கும். ஆய்விதழில் எழுதும் பேராசிரியருக்கு ஒரு பைசா கிடையாது. அவருடைய கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. இவர்களுடைய சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வரிப்பணத்திலிருந்து வருகிறது. அவர்கள் சும்மா எழுதிக் கொடுத்ததை இதழ் நடத்தும் கம்பெனி அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குச் சந்தா போட்டு விற்கிறது. தனி ஆளாகப் போய்க் கேட்டால் ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் என்பது சாதாரண விலை. எங்கள் சாப்ட்வேர் துறையில் இப்படி ஒரு கான்ட்ராக்ட் போட்டால் கையெழுத்து வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பாராட்டு விழா எடுப்பார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்று 2002-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை இன்டர்நெட்டில் யாரும் இலவசமாகப் படிக்கலாம், டவுன்லோட் செய்யலாம், பிரிண்ட் எடுக்கலாம் என்ற நிலை வர வேண்டும் என்று அது கேட்டது. 'ஓப்பன் அக்சஸ்' என்ற பெயர் அதற்குப் பிறகுதான் பரவியது. தமிழில் திறந்த அணுக்கம் என்கிறார்கள். கட்டுரைப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் திறந்த பூட்டுப் படம் இருந்தால் அது இந்த வகை.

நல்ல விஷயம்தான். ஆனால் படிப்பவர் பணம் தராவிட்டால் இதழ் நடத்தும் செலவுக்கு என்ன வழி? பெரிய கம்பெனிகள் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தன. படிப்பவரை விட்டுவிட்டு எழுதுகிறவரைப் பிடித்துக்கொண்டன. அதே 'நேச்சர்', கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ வரை கட்டணம் என்று 2020 நவம்பரில் அறிவித்தது. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மருந்து ஆராய்ச்சி செய்பவருக்குக் கோடிக்கணக்கில் நிதி வரும், அதிலிருந்து எடுத்துக் கட்டிவிடுவார். கல்வெட்டு படிப்பவர், நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவர், சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்பவர் எங்கே போவார்? அவர்களுக்கு வரும் நிதி பஸ் செலவுக்கும் ஜெராக்ஸுக்குமே காணாது. மொழி, வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கு 'எழுதுபவர் கட்டட்டும்' என்ற வழி சரிப்படாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

சரிப்படாத வழி நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் கேவலமாகிவிட்டது. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 'சர்வதேச' ஆய்விதழ், மூன்றே நாளில் வெளியீடு, கட்டணம் 2,500 ரூபாய், சான்றிதழ் உண்டு. கட்டினார். கட்டுரை வந்தது, எழுத்துப் பிழைகூடத் திருத்தாமல். ஒன்றரை வருடம் கழித்து, "தம்பி, இந்த லிங்க் திறக்கவே மாட்டேங்குது, உன் சிஸ்டத்துல பாரு" என்று வந்தார். பார்த்தேன். வெப்சைட்டே இல்லை. டொமைன் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய இரண்டு வருட உழைப்பு, நான் காப்பி எடுத்து வைத்த பென்டிரைவில் மட்டும் இருக்கிறது.

இந்த மாதிரி கடைகள் ஒன்றிரண்டு அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. பிறகு 'கேர்' என்று புதிய பட்டியல் போட்டது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எது நல்ல இதழ் என்பதைக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை 2022 விதிகளில் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் கட்டுரைக்கு மதிப்பெண், வேலைக்கு மதிப்பெண் என்று ஏதோ ஒரு ரூபத்தில் கட்டாயம் தொடர்கிறது. கட்டாயம் இருக்கும்வரை கடையும் இருக்கும்.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே பேரம் பேசிக்கொண்டிருந்ததற்கு இது மேல். ஆனால் யாருக்கு என்பதை இன்னொரு முறை படியுங்கள். அரசு நிறுவனங்களுக்கு. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடி சாலையிலும் வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளின் மாணவர்கள் இதில் வரவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்களும் நானும் வரவில்லை. பூட்டு பூட்டாகவே இருக்கிறது, சாவி மட்டும் சிலர் கையில். எழுதுகிறவர்களின் வெளியீட்டுக் கட்டணத்துக்கும் ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, படிப்பதற்கும் கொடுக்கிறோம், எழுதுவதற்கும் கொடுக்கிறோம். பணத்தில் பெரும்பகுதி போவது ஆங்கிலத்தில் இதழ் நடத்தும் சர்வதேச கம்பெனிகளுக்கு. இங்கே நூறு, இருநூறு பிரதி அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் ஆய்விதழுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை.

தமிழில் ஆய்விதழ் நடத்துவதற்கு யாராவது ஒருவர் கைப்பணம் போட்டது புதிய கதை அல்ல. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தைத் தொடங்கினார். அதிலிருந்து 'செந்தமிழ்' இதழ் வந்தது. 1920-களில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி', கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்'. 1952-ல் சேவியர் தனிநாயகம் அடிகள் வெளிநாட்டாரும் படிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் 'தமிழ்க் கல்ச்சர்' இதழைக் கொண்டுவந்தார். வள்ளல், சங்கம், சந்தா, நன்கொடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண். தூண் சரிந்தால் இதழ் நிற்கும்.

இன்டர்நெட் வந்த பிறகு ஆர்வலர்களின் உழைப்பு இன்னொரு தூணாகச் சேர்ந்தது. 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். தமிழ் இலக்கியங்களை ஆர்வலர்கள் டைப் செய்து இலவசமாக வைத்தார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டதில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அந்த வலியைச் சுமந்தவர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை ஆரம்பித்தார்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், ஆய்விதழ்கள் என்று இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் ஆவணங்கள் அதில் உள்ளன. 'நூலகம் டாட் ஆர்க்' என்று போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. புலம்பெயர்ந்த தமிழர்களின் நன்கொடைதான் பெரிய ஆதாரம். நம் தமிழ் இணையக் கல்விக் கழகமும் அரசுப் பணத்தில் ஒரு மின்னூலகம் நடத்துகிறது. மேலே சொன்ன பழைய இதழ்கள் பலவற்றை அங்கே வீட்டிலிருந்தே புரட்டலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகள் வேண்டுமானால் 'சோத்கங்கா' தளம். 2009-ல் மானியக் குழு போட்ட விதியால் பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை அங்கே ஏற்ற வேண்டியதாயிற்று. யாரும் திறந்து படிக்கலாம். 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' ஆய்வறிக்கையும் பிடிஎப் பைலாகக் கிடைக்கிறது. அரசு செலவில் தோண்டினார்கள், அரசு செலவில் எழுதினார்கள், ஊரறியத் திறந்து வைத்தார்கள். அத்திரம்பாக்கத்துக்கு ஒரு வழி, இரும்புக்கு ஒரு வழி!

பழையவை, ஆய்வேடுகள், அரசு அறிக்கைகள் என்று இத்தனை இருந்தும் இன்று எழுதப்படும் கட்டுரைகளைத் தாங்கி வரும் மாத, காலாண்டு ஆய்விதழ்களுக்கு ஏற்பாடு இல்லை. அதற்கு எவ்வளவு ஆகும் என்று என் தொழில் கண்ணோடு பார்க்கிறேன். இதழ் நடத்தும் மென்பொருளுக்குக் காசே வேண்டாம். கனடாவில் உருவாக்கப்பட்டு 2001 முதல் கிடைக்கும் 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' இலவசம். கட்டுரை வாங்குவது, சரிபார்ப்பவருக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாம் அதிலேயே செய்யலாம். சர்வர் வாடகை ஒரு சின்னக் கடையின் கரண்ட் பில்லை விடக் குறைவு. ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத முகவரியாக ஓர் எண் தருவார்கள். வெப்சைட் இடம் மாறினாலும், புதிய இடத்தைப் பதிந்துவிட்டால் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வருடச் சந்தா போக, கட்டுரைக்கு ஒரு டாலர் அளவில் ஆகும். உண்மையான செலவு மனிதர்களுக்குத்தான். பதிப்பாசிரியரின் நேரம், மெய்ப்புத் திருத்துபவர், பக்கம் அமைப்பவர், நாலு பேருக்கு நினைவூட்டல் கடிதம் எழுதும் ஓர் உதவியாளர். இவர்களுக்குச் சம்பளம் தராமல் ஆர்வத்தை நம்பி நடத்தினால் மூன்றாவது வருடம் இதழ் தாமதமாகும், ஐந்தாவது வருடம் நிற்கும்.

இங்கே ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம். சோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடு ஒன்றைத் திறந்து, ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பல ஆய்வேடுகளில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வரும். பழைய எழுத்துருவில் டைப் செய்ததால் வரும் வினை. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்குக் குப்பை. சர்ச் என்ஜின் அந்த ஆய்வேட்டுக்குள் எதையும் தேட முடியாது. ஸ்கேன் செய்து போட்டவை இன்னும் மோசம், அவை வெறும் படம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்துவிட்டது. இதழைத் திறந்து வைத்தும் தேட முடியாவிட்டால் பாதிதான் திறந்திருக்கிறது. ஆகவே எந்த இதழுக்குப் பணம் கொடுத்தாலும் 'யூனிகோடில் இருக்க வேண்டும்' என்பது முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

சரி, பணம் எங்கிருந்து? உங்கள் வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று, பூந்தமல்லி நகராட்சி. எந்த ஊரானாலும் ரசீதில் நூலக வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தியதால், 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. படிப்பவரிடம் வாசலில் காசு வாங்காமல், ஊரே சேர்ந்து முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்ற யோசனை நமக்கு அன்றிலிருந்தே பழக்கம்.

அந்த நூலக வரியில் ஒரு சிறு பங்கைத் தமிழ் ஆய்விதழ்களுக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. இனாமாக வேண்டாம். நூலகங்கள் இப்போதும் இதழ்களுக்குச் சந்தா கட்டுகின்றன. அந்தச் சந்தாவை, 'இந்த வருட இதழை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வை, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்காதே' என்ற நிபந்தனையோடு சற்றுக் கூட்டிக் கொடுக்கட்டும். நிபந்தனையை மீறினால் அடுத்த வருடம் சந்தா இல்லை. இதே முறையில் அமெரிக்காவின் 'ஆனுவல் ரிவ்யூஸ்' நிறுவனம் 2023-ல் தன் 51 இதழ்களையும் திறந்து வைத்தது. மானுடவியல் இதழும் அதில் உண்டு. லண்டனில் மார்ட்டின் ஈவ், கரோலின் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள் தொடங்கிய 'ஓப்பன் லைப்ரரி ஆப் ஹியூமானிட்டீஸ்' 2015 முதல் இலக்கியம், வரலாறு போன்ற துறைகளின் இதழ்களை நடத்துகிறது. உலகெங்கும் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தச் செலவைத் தாங்குகின்றன. எழுதுகிறவருக்கும் கட்டணம் இல்லை, படிப்பவருக்கும் இல்லை.

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. வசூலித்த நூலக வரியையே உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகத் தருவதில்லை என்ற புகார் வெகு காலமாக உண்டு. கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடாதபோது ஆய்விதழ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மின்விசிறிக்கு உள்ள பணத்தை எடுத்து இதழுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நிலுவையை வசூலித்தால் இரண்டுக்கும் காணும். மூன்றாவது ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. அரசு பணம் கொடுத்தால் எதை எழுதலாம் என்றும் சொல்ல ஆரம்பிக்குமே? இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் விடாமல், வெளி மாநில, இலங்கைத் தமிழ்ப் பேராசிரியர்களும் இருக்கும் ஒரு குழுவிடம் கொடுக்கலாம். குழுவின் முடிவுகளைக் காரணத்தோடு வெப்சைட்டில் போடலாம். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஜமீன்தார் காலத்தைவிட மேல்.

இது நடக்கும்வரை உங்களுக்கு உதவக்கூடிய சில வழிகள். கட்டுரை பூட்டியிருந்தால் அதன் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி தேடுங்கள். எழுதியவரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு காப்பி வைத்திருப்பது சகஜம். இல்லையென்றால் அவருக்கு மரியாதையாக ஒரு இமெயில் அனுப்புங்கள். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் எந்தப் பேராசிரியருக்கும் சந்தோஷம்தான், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். 'ஜேஸ்டோர்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்தால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டுரைகளைத் திரையில் படிக்க விடுவார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் அதை மாதம் 100 என்று உயர்த்தினார்கள். வீட்டில் ஆராய்ச்சி மாணவர் இருந்து, ஏதாவது இதழ் பணம் கேட்டால், கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பெயர் அவரவர் கல்லூரித் தளத்தில் இருக்கிறதா? ஐந்து வருடத்துக்கு முந்தைய இதழ்கள் இன்றும் திறக்கின்றனவா? சரிபார்க்க எத்தனை நாள் எடுப்பார்கள்? மூன்றே நாள் என்று பதில் வந்தால் ஜன்னலை மூடிவிடுங்கள்.

நூலக வரி விஷயத்துக்கு ஒரு கடிதம் போதும். சென்னைக்குள் இருப்பவர்கள் சென்னை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆணைக்குழுவுக்கும் எழுத வேண்டும். ரசீதின் ஜெராக்ஸை இணைத்து, உங்கள் கிளை நூலகம் எந்தெந்தத் தமிழ் ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுகிறது, அவற்றில் எவை இன்டர்நெட்டில் திறந்திருக்கின்றன என்று கேளுங்கள். யூனிகோடில் டைப் செய்து அனுப்புங்கள்.